அர்த்தம் பார்க்காத பெயர்

உபதேசியாரின் பெயரை இதில் நான் சொல்லப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்து நாலு வருஷம் பேர் எழுதியே சம்பளம் வாங்கினவன் நான். எதிர் வீட்டுக்காரருடைய மாமனாரின் பெயர்கூட எனக்கு மறக்காது. சொல்லாமல் விடுவதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் எனக்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. சுற்றுவட்டக் கிராமங்களின் பிறப்பு இறப்பு ஏடுகள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பீரோவில் இருந்தன. சொந்த ஊர் திருவள்ளூர். அப்பாவுக்குப் பெருமாள் கோயிலில் கைங்கரியம். சனிக்கிழமை மத்தியானம் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வீட்டுக்குப் போவேன், திங்கட்கிழமை அதே வழியாகத் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவேன். மாற்றல் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. அந்த மாதிரி இருப்பவன் முன்னால் யார் வந்து நின்றாலும் எரிச்சல்தான் வரும். உபதேசியார் வந்து நின்றார்.

நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அவரைப் பார்த்துப் பழகிய பன்னிரண்டு வருஷத்தில், ஒரே ஒரு நாள் தவிர, அவர் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியைக் காட்டினால், "இருக்கட்டும் சார், ஒரு நிமிசம்" என்பார். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். வலது காலிலிருந்து இடது காலுக்கும் இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறி மாறி நிற்பார். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை ஜிப்பா, சைக்கிள் செயின் கறை போகாத வேட்டி, கக்கத்தில் துணி சுற்றிய வேதப்புத்தகம். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கால் வலிக்கும்.

முதல் நாள் வந்ததும் அவர் என்னைக் கேட்டது இது: "சாருக்குப் பேரு வச்சது யாரு?"

"எங்க தாத்தா பேர்."

"இன்னா அர்த்தம்?"

"பெருமாள் பேர்தான்."

"அத்தான் சார் கேக்குறேன். பெருமாளுக்கு அந்தப் பேரு எதுக்கு வந்துச்சி?"

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. இருபத்து நாலு வருஷமாக அந்தப் பேரைச் சுமந்துகொண்டு திரிந்தும் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு உபதேசியார் வந்து கேட்டு நான் முழிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் அதைக் கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நாலைந்து காலனிகளுக்கு அவர்தான் உபதேசியார். ஞாயிறு ஜெபம் நடத்துவது, சாவு வீட்டில் போய் நிற்பது, பாதிரியார் வரும்போது ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகளைச் சேர்த்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பேர் வைக்கும் வேலையும் மெல்ல அவரிடமே வந்து சேர்ந்தது. முதல் தலைமுறையாகச் சபைக்கு வந்த ஜனங்கள். தெரிந்த பேர்களையே எல்லோரும் வைத்ததில் ஒரே தெருவில் ஆறு யோவான், ஏழு மரியாள். அதனால் அவர் வேதப்புத்தகத்தில் வரும் வம்ச வரலாற்றைத் திறந்தார். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாக ஓடும் அந்தப் பட்டியலைச் சபையில் யாரும் வாசிக்க மாட்டார்கள், தூக்கம் வரும். அவருக்கு அது விதைநெல் மூட்டை. ஒரு பிள்ளைக்கு ஒரு பேரைக் கொடுத்ததும் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். டிக் போட்ட பேரை வேறு பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார். எலியாசிப், அசரியா, ஒபேத், மகலாலெயேல் என்றெல்லாம் பையன்கள் அரை நிஜாரோடு ஆடு ஓட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

"எதுக்கய்யா இந்த வாயில் நுழையாத பேரெல்லாம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க நைனாவைப் பண்ணைல மண்ணாங்கட்டின்னுதான் கூப்டுவாங்க சார். அவங்க அம்மாவுக்கு மூணு புள்ள செத்துட்டு நாலாவதா பொறந்தவரு. எமன் கண்ணு படக்கூடாதுன்னு அப்டி வச்சாங்க. எமன் வுட்டுட்டான். பண்ணைக்காரன் வுடல."

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் சிரிக்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். நெல் வயல்காரர் ஒருவர், மூட்டை தூக்க வந்த ஆளை "டேய் குப்பா" என்று அழைத்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற உபதேசியார் குறுக்கே வந்தார்.

"குப்பன் இல்லீங்க. எலியாசர்."

"வாயில நுழையலய்யா."

"ரெண்டு நாளு சொல்லிக்கினே இருந்தா நுழைஞ்சிடுங்க."

வயல்காரர் முறைத்தார். மூட்டைக்காரனுக்கு வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். உபதேசியார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் வயல்காரர், "இந்தாப்பா, உன்னத்தான்" என்று பேரே சொல்லாமல் கூப்பிட்டு முடித்துக்கொண்டார்.

பாதிரியார் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, பங்களாவைக் காலி செய்ததில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் உபதேசியார் கைக்கு வந்தது. எபிரெயப் பேர்களுக்கு இங்கிலீஷில் அர்த்தம் சொல்லும் அகராதி. அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். அதை என்னிடம் கொண்டுவந்தார். நான் சாப்பிடும் நேரத்தில் படித்துச் சொல்வேன், அவர் நின்றபடியே ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார். அதில் எனக்கும் ருசி வந்துவிட்டது என்பதே உண்மை. அந்த ஆபீஸில் வேறு என்ன பொழுதுபோக்கு?

ஈசாக்கு என்றால் சிரிப்பு, கிழத்தாய் பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும் சிரித்ததால் வந்தது. யாபேஸ் என்றால் வேதனை, தாய் நொந்து பெற்றதால் வைத்தது. பெலேகு என்றால் பிரிவினை, பூமியைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் பிறந்தவன். பேரின் கடைசியில் ஏல் என்று வந்தாலும் கடவுள், யா என்று வந்தாலும் கடவுள், நாம் சாமி என்றும் அப்பன் என்றும் சேர்த்துக்கொள்வதைப் போல. இதை நானே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அப்பிடியே நம்மூரு மாதிரி கீது சார். பெத்தவ இன்னா பாடு பட்டாளோ அதையே பேரா வச்சிருக்கா. எங்க தெருவுல புயல்ல பொறந்தவனுக்குப் புயலுன்னு பேரு. அஞ்சாவதா பொறந்ததுக்குப் போதும்பொண்ணு. அவங்க இன்னா வேற சாதியா, நம்ம ஜனந்தான்."

காலேப் என்றால் நாய் என்று வந்த அன்று நான் புரைக்கேறும்வரை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே சைக்கிள் மிதித்துப் போய், தான் அந்தப் பேர் வைத்த காலேப்பிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்து, "அவன் ரைஸ் மில்லுல வாச்சுமேன் சார். பொருந்தித்தான கீது, இருக்கட்டும்றான்" என்றார். சொன்னாரே தவிர முகம் தெளியவில்லை. அர்த்தம் தெரியாமல் இருபது வருஷமாகப் பேரை அள்ளிக் கொடுத்துவிட்டோமே என்ற பயம் அன்றைக்கே அவருக்குள் புகுந்துவிட்டது. எனக்குத்தான் அது புரியவில்லை.

அடுத்த வாரம் ஐந்து பேர்களை மட்டும் தனியாக ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

அந்த ஐந்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். காலனியில் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருந்தது. அவருக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. வம்ச வரலாற்றில் ஒரு தகப்பனுக்கு ஐந்து பெண்கள், மகன் கிடையாது. தகப்பன் செத்ததும் அந்த ஐந்து பேரும் சபை முன்னால் எழுந்து நின்று, எங்கள் அப்பன் நிலம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அந்த வரிசையின் முதல் பேரை உபதேசியார் இந்தக் குழந்தைக்கு வைத்தார், மக்லாள் என்று. இரண்டாவதும் பெண், நோவாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அந்த வரிசையை ஆரம்பித்த உபதேசியாரால்தான் இப்படி ஆகிறது என்று குழந்தையின் தகப்பன் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லையாம். ஐந்தாவது பிறந்த மறுவாரம் தாய் செத்துப்போனாள். மூத்தவள் மக்லாளுக்கு ஆறு வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி வந்தால் மூச்சு விடுவது தெருமுனைக்குக் கேட்கும்.

நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே, விளையாட்டாகக் கடைசியிலிருந்து படித்தேன். திர்சாள், இனிமை. மில்காள், ராணி. ஒக்லாள், கவுதாரி. அவர் சிரித்து, "ஆமா சார், அது ஓடிக்கினேதான் இருக்கும்" என்றார். நோவாள், அசைவு, ஓரிடத்தில் நில்லாதது. "அப்ப அது என் பேராச்சே" என்றார்.

"மக்லாள்" என்றேன். வாயில் சோறு இருந்தது. "நோய்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேனே ஒரே ஒரு நாள் என்று, அது அன்றைக்குத்தான்.

"இன்னொருக்கா பாருங்க சார்."

பார்த்தேன். அதேதான் போட்டிருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மலர், மழை, மணி என்று எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார், அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அந்தச் சமயத்தில் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. இத்தனை வயசுக்குப் பிறகும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அகராதியை என் மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார், அர்த்தம் கேட்க அல்ல.

"அந்தப் பொண்ணு பேரை உங்க ஏட்டுல மாத்திடுங்க சார். யெமிமாள்னு எழுதுங்க. புறான்னு நீங்கதான சொன்னீங்க."

"நினைச்சபடி மாத்த முடியாது. பெத்தவர் எழுதித் தரணும், விசாரிக்கணும்."

"அவரு கைல சொல்ல முடியாது சார். சொன்னா அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிடும். ஏற்கெனவே மூச்சு வாங்குது. உம்பேரே நோவுதான்னு எப்டி சொல்றது?"

"பேருக்கும் இழுப்புக்கும் என்னய்யா சம்பந்தம்? எங்க ஊர்ப் பெருமாளுக்கே வைத்தியர்னு பேர். நோய் தீரணும்னு அமாவாசைக்கு எல்லாரும் வந்து குளத்தில் வெல்லம் கரைச்சுட்டுப் போறா. அதையாவது செய்யச் சொல்லும்."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அதையும் யோசித்தார் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு அமாவாசைக் காலையில் எங்கள் ஊர்க் குளக்கரைப் பக்கம் சைக்கிளோடு, கக்கத்தில் வேதப்புத்தகம் வைத்த ஒருவரைப் பார்த்ததாக அப்பா சொன்னார். குளத்தில் இறங்கவில்லையாம். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

நான் அந்தப் பேரை மாற்றவில்லை. நேர்மையால் என்று யாரும் என்னைத் தூக்கி வைக்க வேண்டாம். சோம்பல், தணிக்கைக்கு வருபவரிடம் திட்டு வாங்கப் பயம், இரண்டும்தான்.

ஒரு ஐப்பசியில் அந்த ஐந்து பெண்களின் தகப்பன் வயலில் பாம்பு கடித்து இறந்தார். காரியம் முடிந்த சூட்டோடு அவருடைய தம்பி மனுப் போட்டார். அண்ணனுக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்தவள் அண்ணனுக்குப் பிறந்தவளே இல்லை, அண்ணி எங்கிருந்தோ கொண்டுவந்த பிள்ளை. மற்ற நாலும் சிறிசுகள், அதனால் நிலத்துக்கும் அவர்களுக்கும் நானே பொறுப்பு என்று. மேஜரானவள் மக்லாள் ஒருத்திதான். அவள் மகள் என்று நிரூபணம் ஆகாவிட்டால் ஒன்றேகால் ஏக்கரும் சித்தப்பன் கைக்குப் போகும், ஐந்து பேரும் அவன் வாசலில் சோற்றுக்கு நிற்க வேண்டும்.

தாலுகா ஆபீஸில் விசாரணை. என்னைப் பிறப்பு ஏட்டோடு வரச்சொல்லியிருந்தார்கள். சபையின் ஞானஸ்நானப் புத்தகமும் வந்திருந்தது. சித்தப்பன் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் திறந்து காட்டினார். மூத்த பெண்ணின் பேர் இருந்த இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு, மேலே வேறு மையில் யெமிமாள். மக்லாள் என்று யாருமே இதில் இல்லையே, இருக்கிறவளும் பிற்பாடு நுழைக்கப்பட்டவள்தானே என்றார்.

நான் மாற்ற மறுத்ததும், தன் கையில் இருந்த புத்தகத்தில் மனுஷர் தானே மாற்றிவிட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவள் கையில் இருந்த ஒரே சாட்சியை அவரே அடித்து வைத்திருக்கிறார்.

"இது யார் எழுத்து?" என்றார் தாசில்தார்.

உபதேசியார் முன்னால் வந்தார். "என்னுதுங்க."

"எதுக்கு அடிச்சீங்க?"

அவர் மக்லாளைப் பார்த்தார். அவள் பெஞ்சின் ஓரத்தில் சின்னத் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏட்டைப் பார்த்தேன்.

"சொல்லுங்கய்யா. யார் பணம் குடுத்தா?"

"பணம் இல்லீங்க. அந்தப் பேருக்கு..." வேதப்புத்தகத்தைக் கக்கம் மாற்றிக்கொண்டார். "அந்தப் பேருக்கு நோவுன்னு அர்த்தங்க. தெரியாம நான்தான் வச்சிட்டேன். புள்ள மூச்சுக்குப் பேஜாருபட்டுக்கினு கீது. மனசு கேக்கல, அடிச்சிட்டேன். அது அவங்க அப்பனுக்குப் பொறந்த பொண்ணுதாங்க. பொறந்த அன்னைக்கே நான் தூக்கிப் பாத்தேன். தப்பு என்னுது, அது தலைல போடாதீங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். மக்லாள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குத் தெரியக்கூடாது என்று அத்தனை மாதம் அலைந்தாரோ, அவள் காதில் படும்படி, ஊரே கேட்கும்படி அவர் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தாசில்தார் என் ஏட்டைக் கேட்டார். படித்தேன். தகப்பன் பேர், தாய் பேர், முதல் பிரசவம், பெண், மக்லாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பேரைப் படித்ததும் அவள் தங்கையை இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். அந்த அர்த்தத்தைப் படித்துச் சொன்னவன் நான்தான் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவள் அவரிடம் போனாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"எதுக்கய்யா என் கைல சொல்லல?"

"எப்டிம்மா சொல்லுவேன்?"

"இழுப்பு எங்க அம்மாவுக்கும் இருந்துச்சி. அவங்க பேரு லச்சுமி."

அவர் காலை மாற்றி நின்றார். "இனிமேலாவது மாத்திக்கம்மா. எம்மனசு ஆறும்."

"மாத்த மாட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியதால் அவள் விட்டுவிட்டுத்தான் பேசினாள். "அஞ்சு பேரு எழுந்து நின்னு கேட்டாங்கன்னு நீங்கதான எங்க நைனாகிட்ட சொன்னீங்க. அதுல மொதல்ல நின்னவ பேரு இது. நானும் இன்னைக்கு நின்னேன் இல்ல? அர்த்தம் இன்னாவா இருந்தா எனக்கின்னா."

அவர் சைக்கிளை எடுத்தார். ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

பட்டா ஐந்து பெண்கள் பேருக்கும் மாறியது. புத்தகத்தில் கைவைத்ததற்காக உபதேசியாரின் வேலை போனது. அவர் எதிர்த்துப் பேசவில்லையாம். அதற்குள் எங்கள் பக்கம் முள்ளுக்காட்டை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியின் கேட்டில் வாச்சுமேனாகச் சேர்ந்தார். அங்கேயும் நின்றபடிதான். நான் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், லாரிக்காரர்களை நிறுத்திப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார். பேர் வைத்தது யார் என்றும் கேட்டிருப்பார், சந்தேகமில்லை. ஆபீஸ் பக்கம் மட்டும் வரவே இல்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டும்.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் மக்லாள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. இழுப்பு அப்படியே இருந்தது, ஆனாலும் ஆள் தெம்பாகவே இருந்தாள். உபதேசியார் முந்தின நாள் மார்வலியில் இறந்துவிட்டார், சொந்தக்காரர்கள் யாரும் இல்லை, நான்தான் எழுத வந்தேன் என்றாள்.

ஏட்டை எடுத்தேன். இறந்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் நான் அவர் பேரைக் கேட்டதே இல்லை. அவள் சொன்னாள். எபிரெயப் பேர்தான். எழுதினேன்.

"சாருகிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று அந்த நீள நோட்டை மேஜையில் வைத்தாள். புரட்டினேன். நூற்றுக்கணக்கான பேர்கள், எதிரே நான் சொன்ன அர்த்தங்கள். மக்லாளுக்கு எதிரே நோய் என்று எழுதி அடித்து, அதற்கு மேல் 'முதலில் நின்றவள்' என்று எழுதியிருந்தார். அவருடைய பேரும் அதற்குரிய இடத்தில் இருந்தது. அதற்கு எதிரே மட்டும் வெற்றிடம். யோசித்துப் பார்த்தேன், அந்தப் பேரை ஒரு நாளும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. இத்தனை பேர் பேருக்கு அலைந்தவர் தன் பேரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்.

"நானும் கேட்டேன் சார், உங்க பேருக்கு இன்னா அர்த்தம்னு" என்றாள். "வேணாம்மா, பயமா கீது, தெரியாதயே போயிடறேன்னாரு."

அகராதி அப்போதும் என் பீரோவில்தான் இருந்தது. எடுக்க எழுந்தேன்.

"எடுக்காதீங்க சார்" என்றாள் மக்லாள். உட்கார்ந்துவிட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள், அவர் கொடுத்த அதே பேரை, நிறுத்தி நிதானமாக.

அகராதி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும், இன்றுவரை திறக்கவில்லை. அவர் பேரை இங்கே எழுதிவிட்டால் நீங்கள் போய்ப் பார்த்துவிடுவீர்கள்.